கைது நடக்கும் இடத்தில் நிற்பவர் என்ன செய்யலாம், எதைத் தொடக் கூடாது: வடசென்னைத் தெருக்களுக்கான வழிகாட்டி

வியாசர்பாடியிலோ கொருக்குப்பேட்டையிலோ ஒரு சந்து. இரண்டு போலீஸ்காரர்கள் ஒருவனை மடக்கியிருக்கிறார்கள். ஒரு கையில் விலங்கு மாட்டியாயிற்று, மறு கை சிக்கவில்லை, அவன் திமிறுகிறான். இரண்டே நிமிடத்தில் ஐம்பது பேர் கூடிவிடுவார்கள். அந்தக் கூட்டத்தில் நீங்களும் இருந்தால், கேட்காமல் கை வைக்காதீர்கள். கேட்டால் கேட்ட அளவுக்கு மட்டும் செய்யுங்கள். யாரும் கேட்காமலேயே நீங்கள் செய்ய வேண்டிய வேலை ஒன்று உண்டு. அது கூட்டத்தை விலக்கி வழி உண்டாக்குவது. நம் தெருக்களில் கைதுகள் கைகலப்பாக மாறுவதற்கு ஆள் பற்றாக்குறையைவிட இடப் பற்றாக்குறைதான் பெரும்பாலும் காரணம்.

சட்டம் எவ்வளவு கேட்கிறது

2024 ஜூலை 1 முதல் பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்துக்குப் பதிலாக பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா நடைமுறையில் இருக்கிறது. அதன் 31ஆம் பிரிவு, ஒருவரைக் கைது செய்யவோ அவர் தப்புவதைத் தடுக்கவோ போலீஸ் அதிகாரி நியாயமாக உதவி கேட்டால், எல்லோரும் உதவக் கடமைப்பட்டவர்கள் என்கிறது. பழைய சட்டத்தில் இது 37ஆம் பிரிவு. ஆங்கிலேயர் காலத்திலிருந்தே வரும் விதி, புதிதாக முளைத்தது அல்ல.

கேட்டும் வேண்டுமென்றே உதவாமல் இருப்பது, இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 222ஆம் பிரிவில் குற்றம். கைது போன்ற வேலைக்கு அதிகாரம் உள்ள அதிகாரி கேட்டு மறுத்தால் ஆறு மாதம் வரை வெறுங்காவல், அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும்.

இதைப் படித்துப் பயந்துவிட வேண்டாம். கடமை இரண்டு சொற்களில் அடங்கியிருக்கிறது: 'கேட்டால்', 'நியாயமாக'. கூட்டத்தைப் பார்த்து "யாராவது வாங்கய்யா" என்று பொதுவாகக் கத்துவதும், உங்களைக் கைகாட்டி "தம்பி, நீ வா, காலைப் பிடி" என்பதும் ஒன்றல்ல. கைக்குழந்தையோடு நிற்பவர், கர்ப்பிணி, முதியவர், இதய நோயாளி ஆகியோர் காரணத்தை வாய்விட்டுச் சொல்லிவிடலாம். "சார், எனக்கு ஆபரேஷன் ஆன உடம்பு, நான் 112க்கு போன் போடுறேன்" என்று சொன்னால் அதுவும் உதவிதான். எதுவும் சொல்லாமல் நழுவுவதுதான் பின்னால் கேள்வியாகும்.

மறுபக்கமும் தெரிந்திருக்க வேண்டும். பிடிபட்டவரை விடுவிக்க இழுப்பது அதே நியாய சன்ஹிதாவின் 263ஆம் பிரிவு. போலீஸ் வேலையைத் தடுப்பது 221. போலீஸ் மீது கை ஓங்குவது 132. "நான் சும்மா சமாதானம்தான் பண்ணேன்" என்று சொல்பவரின் கை, எடுக்கப்பட்ட வீடியோவில் காவலரின் தோளில் இருந்தால் அந்த விளக்கம் எடுபடாது.

முதல் ஒரு நிமிடம்

முதலில் தரையைப் பாருங்கள். நம் சந்துகளில் தண்ணீருக்கு வரிசை வைத்த பிளாஸ்டிக் குடங்கள், ஸ்டாண்டில் நிற்கும் பைக்குகள், திறந்த சாக்கடை ஓரம் இவைதான் முதல் ஆபத்து. கட்டிப்புரளும் மூவரில் ஒருவர் தலை பைக்கின் ஃபுட்ரெஸ்டில் மோதினால் போதும், சாதாரணக் கைது உயிர்ப் பிரச்சினையாகிவிடும். காசிமேட்டில் ஐஸ் தண்ணீரும் மீன் செதிலும் கிடக்கும் தரையில் பூட்ஸ் போட்டவரே நிற்க முடியாது. அங்கே ஓடிப்போய் உதவ நினைப்பவர் அவர்கள் மேலேயே விழுவார். குடங்களை ஓரமாகத் தள்ளுங்கள், பைக்குகளை நகர்த்துங்கள்.

அடுத்தது கூட்டம். "எல்லாரும் போங்க" என்று கத்தினால் ஒருவரும் நகர மாட்டார்கள். பெயர் சொல்லி, அல்லது சட்டை நிறத்தைச் சொல்லி, ஒருவருக்கு ஒரு வேலை கொடுங்கள். "பச்சை சட்டை அண்ணா, அந்த முனையில நின்னு வண்டியை நிறுத்துங்க." "அக்கா, பசங்களை உள்ள கூட்டிட்டுப் போங்க." வேலை கிடைத்தவர் வேடிக்கை பார்ப்பதை விட்டுவிடுவார். ஜீப் வரும் பக்கத்தை முதலில் திறங்கள். எந்தப் பக்கம் என்று தெரியாவிட்டால் மெயின் ரோட்டுக்குப் போகும் முனையைத் திறந்து வையுங்கள்.

எவ்வளவு தூரம் விலக வேண்டும்? ஆயுதம் எதுவும் கண்ணில் படாவிட்டால் குறைந்தது நான்கைந்து அடி. கத்தி இருக்கிறது என்றால் கணக்கே வேறு, அதைப் பின்னால் சொல்கிறோம்.

இன்னொரு விஷயம் பலருக்குத் தெரியாது. ஒரு கையில் மட்டும் மாட்டிய விலங்கு ஓர் ஆயுதம். திறந்து தொங்கும் இரும்பு வளையம் வீசும் வேகத்தில் முகத்தைக் கிழிக்கும், பல்லைப் பெயர்க்கும். அந்தக் கை அசையும் வட்டத்துக்குள் தலையை நீட்டாதீர்கள்.

112இல் என்ன சொல்வது

100, 112 இரண்டும் வேலை செய்யும். அந்தக் காவலர்களின் வாக்கிடாக்கி கீழே விழுந்திருக்கலாம், அல்லது அதை எடுக்கக் கை ஒழிந்திருக்காது. அதனால் "அவங்களே சொல்லியிருப்பாங்க" என்று விட்டுவிடாதீர்கள்.

முதலில் இடம். எம்.கே.பி. நகரில் ஒரே எண்ணில் மத்திய குறுக்குத் தெருவும் இருக்கிறது, கிழக்கு, மேற்குக் குறுக்குத் தெருக்களும் இருக்கின்றன. எண்ணை மட்டும் சொன்னால் வண்டி வேறு தெருவுக்குப் போகும். நகர், தெரு, அருகில் எல்லோருக்கும் தெரிந்த ஓர் அடையாளம் என மூன்றும் வேண்டும்: ஜீவா ரயில் ஸ்டேஷன், கல்மண்டபம், மூலக்கொத்தளம், இப்படி. பிறகு நிலைமை: "ரெண்டு போலீஸ்காரங்க ஒருத்தரைப் பிடிச்சுப் போராடிட்டு இருக்காங்க, கையில கத்தி இருக்கு" அல்லது "ஆயுதம் தெரியலை". எத்தனை பேர், யாருக்காவது ரத்தம் வருகிறதா என்பதையும் சொல்லுங்கள். கடைசியாக, எந்த வழியாக வந்தால் வண்டி நுழையும் என்பது. கொருக்குப்பேட்டை ரயில்வே கேட் மூடியிருக்கிறதா, எண்ணூர் நெடுஞ்சாலையில் கண்டெய்னர் லாரி நிற்கிறதா என்பதெல்லாம் கன்ட்ரோல் ரூமில் இருப்பவருக்குத் தெரியாது, உங்களுக்குத்தான் தெரியும்.

காயம் இருந்தால் 108 தனியாக. ஒரு பையனை மெயின் ரோட்டில் நிறுத்தி ஆம்புலன்ஸைக் கூட்டிவரச் சொல்லுங்கள்.

கை வைக்கச் சொன்னால்

முதலில் கேளுங்கள்: "சார், எதைப் பிடிக்கணும்?" பதில் வரும் வரை தொடாதீர்கள். பின்னால் இருந்து திடீரெனப் பாய்பவரைக் காவலர் எதிராளியின் கூட்டாளி என்றே நினைப்பார். அதில் அவர் தப்பும் இல்லை. வரும்போது அவர் கண்ணில் படும் பக்கத்திலிருந்து, இரண்டு உள்ளங்கையும் தெரிய வாருங்கள்.

பயிற்சி இல்லாதவர் ஏற்றுக்கொள்ளத் தகுந்த வேலை கால்கள் மட்டுமே. பக்கவாட்டில் முட்டி போட்டு உட்கார்ந்து, இரண்டு காலையும் சேர்த்து முழங்காலுக்குக் கீழே இரு கைகளாலும் அணைத்துப் பிடியுங்கள். உங்கள் எடை தரையில் இருக்கட்டும், அவர் உடம்பின் மேல் வேண்டாம். முகத்தைப் பாதத்திலிருந்து விலக்கி வையுங்கள், உதை வரும். இரண்டு பேருக்கு மேல் கால் பக்கம் தேவையே இல்லை.

கையைப் பிடிக்கப் போகாதீர்கள். போலீஸ்காரர் கையை முதுகுக்குக் கொண்டுவரப் பார்ப்பார், உதவ வந்தவர் அதே கையை முன்பக்கம் இழுப்பார். தோள் மூட்டு நழுவுவது இப்படித்தான். வலியில் அவர் இன்னும் துடிப்பார், எல்லோரும் அதைத் திமிர் என்று நினைத்து இன்னும் அழுத்துவார்கள். கழுத்து, தலைமுடி, விரல்கள், இடுப்பு பெல்ட் எதையும் தொடாதீர்கள். காவலரின் இடுப்புப் பக்கமும் போகாதீர்கள், அங்கே துப்பாக்கி இருக்கலாம்.

பிடிபடுபவர் பெண் என்றால் ஆண்கள் விலகி நில்லுங்கள். பெண்ணைக் கைது செய்யும்போது, அதிகாரி பெண்ணாக இருந்தாலொழிய, அவசியமான சூழ்நிலை தவிர உடலைத் தொடக் கூடாது என்று சுரக்ஷா சன்ஹிதாவின் 43ஆம் பிரிவே சொல்கிறது. போலீஸுக்கே அந்தக் கட்டுப்பாடு இருக்கும்போது தெருவில் நிற்கும் ஆணுக்கு என்ன உரிமை?

விலங்கு மாட்டியதும் உங்கள் வேலை முடிந்தது. கையை எடுத்துவிட்டு எழுந்து இரண்டு அடி பின்வாங்குங்கள். இங்கேதான் நிறையப் பேர் கெட்டுப்போகிறார்கள். ஆள் அடங்கியதும் கூட்டத்தில் ஒருவர் காலை ஓங்கி உதைப்பார், இன்னொருவர் அறைவார். தப்பாமல் தடுக்கத் தேவையானதற்கு மேல் கட்டுப்படுத்தக் கூடாது என்று 46ஆம் பிரிவு போலீஸையே கட்டுகிறது. உங்கள் அடிக்கு எந்தப் பாதுகாப்பும் கிடையாது. அது காயம் விளைவித்த குற்றம், ஆள் இறந்தால் கொலை வழக்கு. போலீஸ் உதவி கேட்டார் என்பது அந்த உதைக்கு விளக்கமாகாது.

மூச்சைக் கவனியுங்கள்

கூட்டத்தில் ஒருவராவது இந்த ஒரே வேலையைச் செய்ய வேண்டும். குப்புறப் படுக்க வைத்து முதுகிலோ கழுத்திலோ எடை ஏற்றினால் நெஞ்சுக்கூடு விரிய முடியாது. காற்று போதாமல் ஆகும்போது உடம்பு தானாக உதறும். மேலே இருப்பவர்களுக்கு அது எதிர்ப்பாகத் தெரியும், மேலும் அழுத்துவார்கள். குடித்தவர், மூச்சிரைக்க ஓடி வந்தவர், பருமனானவர், ஆஸ்துமா உள்ளவர் என்றால் ஆபத்து அதிகம். அமெரிக்காவின் மினியாபொலிஸ் நகரில் 2020 மே 25 அன்று ஜார்ஜ் ஃபிளாய்டின் கழுத்தில் காவலர் முட்டியை வைத்திருந்தது 9 நிமிடம் 29 விநாடி. சுற்றி நின்றவர்கள் கத்திக்கொண்டேதான் இருந்தார்கள். அந்த நேரக் கணக்கு உலகத்துக்குக் கிடைத்ததில் அவர்களில் ஒரு 17 வயதுப் பெண் எடுத்த வீடியோவுக்குப் பெரும் பங்கு உண்டு.

"பேசுறான்ல, அப்போ மூச்சு வருது" என்பது தவறு. ஓரிரு சொல் பேசக் கொஞ்சம் காற்று போதும், உயிர் வாழ அது போதாது. கவனிக்க வேண்டியவை: மூச்சு முட்டுவதாகச் சொல்வது, தொண்டையில் கொரகொரப்பு, உதடு நீலம் பாய்வது, எல்லாவற்றையும்விட முக்கியமாகத் திடீர் அமைதி. திமிறிக்கொண்டிருந்தவர் சட்டென்று அடங்கினால் அதை வெற்றி என்று நினைக்காதீர்கள்.

அப்போது சத்தமாக, மரியாதையாக, சுருக்கமாகச் சொல்லுங்கள்: "சார், விலங்கு மாட்டியாச்சு, ஒருக்களிச்சுப் படுக்க வைங்க. மூச்சு வாங்குறார் சார்." திட்டினால் காதில் ஏறாது. செய்ய வேண்டியதைச் சொன்னால் ஏறும். ஒருக்களித்து, முடிந்தவுடன் உட்கார வைப்பதுதான் சரி. மூச்சே இல்லை என்றால் மல்லாக்கப் படுக்க வைத்து நெஞ்சின் நடுவில் இரு கைகளால் அழுத்த வேண்டும்: நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை, குறைந்தது 5 செ.மீ. ஆழம், 108 வரும்வரை நிறுத்தாமல். விலங்கு முன்பக்கம் மாற்றப்பட வேண்டும். அதையும் காவலரிடம் சொல்லிக் கேளுங்கள்.

கத்தி இருந்தால்

கத்தியோடு இருப்பவனை நெருங்கும்படி காவலரே கூப்பிட்டாலும் போகாதீர்கள். "சார், நான் கூட்டத்தைத் தள்ளுறேன்" என்று வேறு உதவியைச் சொல்லுங்கள். கத்தி வைத்திருப்பவன் சுமார் ஆறரை மீட்டரை ஒன்றரை விநாடியில் கடந்துவிட முடியும். அது நம் ஆட்டோக்கள் இரண்டரை வரிசையாக நின்றால் வரும் நீளம். அதற்கு அப்பால், இடையில் ஒரு வண்டியோ வாசல் கேட்டோ இருக்கும்படி நில்லுங்கள். போலீஸ் துப்பாக்கியை எடுத்தால் நிலைமையே வேறு. கான்கிரீட் சுவருக்குப் பின்னால் போங்கள், தகரக் கதவும் ஆட்டோவும் குண்டைத் தடுக்காது.

கத்தி கீழே விழுந்தால் எடுக்காதீர்கள். உங்கள் கைரேகை அதில் பதியும். அதைவிட மோசம், அந்த நொடியில் வந்து சேரும் இரண்டாவது ரோந்து வண்டி கத்தியோடு நிற்கும் உங்களைத்தான் பார்க்கும். ஒரு பக்கெட்டைக் கவிழ்த்து மூடி, அதன் பக்கத்தில் ஒருவர் நின்றால் போதும்.

வெட்டுப்பட்டவர் யாராக இருந்தாலும், போலீஸோ பிடிபட்டவரோ, கையில் பிளாஸ்டிக் பையை மாட்டிக்கொண்டு துண்டை மடித்துக் காயத்தில் அழுத்துங்கள். நனைந்தால் எடுக்காமல் மேலே இன்னொரு துணி. குத்தி நிற்கும் கத்தியைப் பிடுங்கக் கூடாது. உங்கள் கையில் வெட்டிருந்து அதில் பிறர் ரத்தம் பட்டாலோ, கடிபட்டாலோ சோப்பு போட்டு ஓடும் தண்ணீரில் கழுவிவிட்டு அன்றைக்கே ஸ்டான்லி அரசு மருத்துவமனைக்குப் போங்கள். எச்.ஐ.வி. தடுப்பு மருந்து தேவைப்பட்டால் 72 மணி நேரத்துக்குள் தொடங்க வேண்டும், சீக்கிரம் தொடங்கினால் அவ்வளவு நல்லது.

ஆள் பிடியை உதறி ஓடிவிட்டால் துரத்தாதீர்கள். பேசின் பிரிட்ஜ், வியாசர்பாடி, கொருக்குப்பேட்டை பக்கம் ஓடுபவன் தண்டவாளத்தைத்தான் தேடுவான். பின்னால் ஓடுபவருக்கு ரயில் வருவது தெரியாது. எந்தச் சந்து, என்ன சட்டை, ஏறிய வண்டியின் எண் ஆகிய மூன்றையும் 112க்குச் சொல்லுங்கள். உங்கள் கண்ணெதிரே போன் பறிப்பு போன்ற, ஜாமீனில் வெளிவர முடியாத, போலீஸ் பிடியாணையின்றிக் கைது செய்யக்கூடிய குற்றம் நடந்தால் நீங்களே ஆளைப் பிடிக்க சுரக்ஷா சன்ஹிதாவின் 40ஆம் பிரிவு இடம் தருகிறது. பிடித்தால் தாமதிக்காமல், அதிகபட்சம் ஆறு மணி நேரத்துக்குள் போலீஸிடம் ஒப்படைக்க வேண்டும். கம்பத்தில் கட்டி வைக்கும் உரிமை அதில் இல்லை.

அம்மாவும் அக்காவும் ஜீப்பை மறிக்கும்போது

ஹவுசிங் போர்டு வாசல்களில் கைது பெரும்பாலும் இந்த இடத்தில்தான் முறுகுகிறது. அம்மா ஜீப் கதவைப் பிடித்துத் தொங்குவார், தங்கை டயருக்கு முன்னால் உட்கார்ந்துவிடுவார். அவர்கள் பயத்துக்குக் காரணம் இருக்கிறது. 2020 ஜூனில் சாத்தான்குளத்தில் ஜெயராஜையும் மகன் பென்னிக்ஸையும் போலீஸ் கூட்டிச்சென்ற பிறகு நடந்ததை இந்த ஊரில் யாரும் மறக்கவில்லை. "சும்மா கத்தாதீங்க" என்று அவர்களை அதட்டுவது அநியாயம், பயனும் இல்லை.

அந்தத் தெருப் பெண்கள் இரண்டு பேர் தோளோடு அணைத்து நகர்த்தட்டும். இன்னொருவர் எஸ்.ஐ.யிடம் போய், எந்த ஸ்டேஷன், என்ன வழக்கு, அவர் பெயர் என்ன என்று கேட்டு எழுதிக்கொள்ளட்டும். எழுதியதை அம்மாவிடம் காட்டுங்கள். "அக்கா, வண்டியை விடுங்க. ஸ்டேஷன் பேரு வாங்கியாச்சு. பின்னாடியே ஆட்டோல போலாம், நானும் வர்றேன்." கதவில் தொங்குபவரின் கை இதைக் கேட்டுத்தான் தளரும்.

குடும்பத்துக்குக் கேட்டு வாங்க உரிமை உள்ளவை: கைதுக்கான காரணம் (சுரக்ஷா சன்ஹிதாவின் 47ஆம் பிரிவு), கைது குறிப்பாணை, அதில் குடும்பத்தாரோ பகுதியின் மதிப்புள்ள ஒருவரோ சாட்சிக் கையெழுத்திட வேண்டும் (36), மருத்துவப் பரிசோதனை (53), பயண நேரம் நீங்கலாக 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன் நிறுத்துதல் (58). வக்கீல் வைக்க வசதி இல்லாவிட்டால் 15100 என்ற இலவசச் சட்ட உதவி எண். அந்தக் கைது குறிப்பாணையில் சாட்சியாக நீங்களே கையெழுத்திடச் சொன்னால் நேரம், தேதி, தெரியும் காயங்கள் எல்லாம் எழுதியிருக்கிறதா என்று படித்துவிட்டுப் போடுங்கள். வெற்றுத் தாளில் போடாதீர்கள்.

மஃப்டியில் வந்தால், அடி தொடர்ந்தால்

சீருடை இல்லாமல் நான்கு பேர் ஒருவனை வேனில் ஏற்றினால் போலீஸா கடத்தலா என்று தெருவில் நிற்பவரால் சொல்ல முடியாது. கைது செய்யும் அதிகாரி தன் பெயர் தெளிவாகத் தெரியும் அடையாளத்தோடு இருக்க வேண்டும் என்பது 36ஆம் பிரிவு. டி.கே. பாசு வழக்கில் 1996இல் உச்ச நீதிமன்றம் சொன்னதும் அதுதான். "சார், ஐ.டி. காட்டுங்க" என்று கேளுங்கள், வண்டி எண்ணைக் குறித்து 112க்குச் சொல்லுங்கள். உண்மையான போலீஸ் என்றால் அதனால் யாருக்கும் நஷ்டமில்லை. ஆளை இழுத்து விடுவிக்கப் போகாதீர்கள்.

விலங்கு மாட்டிய பிறகும் அடி விழுந்தால் குறுக்கே கை நீட்டாதீர்கள். பொது ஊழியர் நல்லெண்ணத்தோடு செய்யும் செயலுக்கு எதிராகத் தற்காப்பு உரிமை மிகக் குறுகியது. உயிருக்கோ கொடுங்காயத்துக்கோ நியாயமான அச்சம் இருந்தாலன்றி அதைக் கோர முடியாது என்கிறது நியாய சன்ஹிதாவின் 37ஆம் பிரிவு. தெருவில் நின்று அந்த எல்லையை அளந்து தீர்மானிப்பது ஆபத்தானது. செய்யக்கூடியது படம் எடுப்பது. பொது இடத்தில் படமெடுப்பது தானாகக் குற்றமாகாது, ஆனால் வழியை மறித்தால் குற்றமாகலாம். எனவே ஆறேழு அடி தள்ளி, போனைப் படுக்கைவாட்டில் பிடித்து, முதலில் தெருப் பெயர்ப் பலகை, பிறகு சம்பவம், இடையில் வெட்டாமல் ஒரே ஓட்டமாக எடுங்கள். பெயர்ப் பட்டை, வண்டி எண் தெரியட்டும். வர்ணனை வேண்டாம். உங்கள் குரல் அடி விழும் சத்தத்தையும் "மூச்சு முட்டுது" என்ற வார்த்தையையும் மறைத்துவிடும்.

போனைக் கொடுக்கச் சொன்னால் வாக்குவாதம் இல்லாமல், கைப்பற்றியதற்கான ரசீதை எழுத்தில் கேளுங்கள்.

வீட்டுக்கு வந்த பிறகு

மூல வீடியோவை அழிக்காதீர்கள், ஓரம் வெட்டாதீர்கள். வாட்ஸ்அப்பில் வழக்கமான வீடியோவாக அனுப்பினால் தரம் குறையும், ஆவணமாக அனுப்பினால் அப்படியே போகும். பென்டிரைவில் ஒரு பிரதி வையுங்கள். நீதிமன்றத்தில் அதை ஏற்க, பழைய சாட்சியச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய சாக்ஷிய அதினியத்தின் 63ஆம் பிரிவின்படி சான்றிதழ் வேண்டும், எந்தக் கருவியில் எடுத்தது என்று அதில் வரும். அந்தப் போனை மாற்றியோ விற்றோ விடாதீர்கள். பிடிபட்டவர் 18 வயதுக்கு உட்பட்டவராகத் தோன்றினால் முகத்தை எங்கும் பகிராதீர்கள், சிறார் நீதிச் சட்டத்தின் 74ஆம் பிரிவில் அது குற்றம்.

அன்றைக்கு இரவே ஒரு தாளில் எழுதுங்கள்: எத்தனை மணி, யார் உங்களை அழைத்தார், என்ன சொன்னார், நீங்கள் எதைத் தொட்டீர்கள், எப்போது கையை எடுத்தீர்கள், அப்போது அவர் நிலை எப்படி இருந்தது. விசாரணையில் போலீஸ் எழுதும் உங்கள் வாக்குமூலத்தில் நீங்கள் கையெழுத்திடத் தேவையில்லை, அப்படி வாங்கக் கூடாது என்று சுரக்ஷா சன்ஹிதாவின் 181ஆம் பிரிவு சொல்கிறது. பெண்கள், 15 வயதுக்கு உட்பட்டவர்கள், 60 வயதைக் கடந்தவர்கள், மாற்றுத்திறனாளிகள் ஆகியோரைச் சாட்சியாக ஸ்டேஷனுக்கு வரச் சொல்லி வற்புறுத்த முடியாது, வீட்டுக்கு வந்துதான் கேட்க வேண்டும். பிடிபட்டவரின் ஆட்கள் தெருவில் மிரட்டினால், 2018ஆம் ஆண்டின் சாட்சிப் பாதுகாப்புத் திட்டத்தின் கீழ் மாவட்ட அளவில் மனு கொடுக்கலாம். மிரட்டிய தேதி, நேரம், சொன்ன வார்த்தைகள் ஆகியவற்றை அந்தத் தாளிலேயே, அடுத்த வரியில் சேர்த்து எழுதுங்கள்.